எருக்குழி முதல் மாடித் தொட்டி வரை

தமிழகக் கிராமங்களில் மாடு வைத்திருந்த குடும்பங்களுக்குக் குப்பைக்குழி என்று ஒன்று கட்டாயம் இருக்கும். கொல்லைப்புறத்திலோ ஊரை ஒட்டிய புறம்போக்கிலோ வெட்டிய அந்தப் பள்ளத்தில் சாணம், மாடு கழித்த வைக்கோல், அடுப்புச் சாம்பல், வாசல் கூட்டிய செத்தை எல்லாம் நாள்தோறும் சேரும். கோடையில், முதல் உழவுக்கு முன்னால், குழியை வெட்டி வண்டியில் ஏற்றி வயலில் குவியல் குவியலாகக் கொட்டி இறைப்பார்கள். காய்கறித் தோலும் கழுநீரும் மாட்டுக்குப் போய்விடும். உடைந்த சட்டி பானையைத் தவிர வீட்டிலிருந்து வீணாக வெளியேறியது மிகக் குறைவு. உழவை விட எருவிடுதல் நன்று என்று திருக்குறளின் உழவு அதிகாரம் சொல்வது இந்த வழக்கம் எவ்வளவு பழையது என்பதற்குச் சான்று.

ஆனால் அந்தக் குழியில் குறைகளும் இருந்தன. திறந்து கிடந்ததால் வெயிலில் தழைச்சத்து ஆவியாகிப் போனது; மழையில் சாம்பல்சத்து கரைந்து ஓடியது. மாட்டின் சிறுநீர் பெரும்பாலும் தொழுவத்து மண்ணிலேயே ஊறி வீணானது. குழி கிணற்றுக்குப் பக்கத்தில் அமைந்துவிட்டால் குடிநீர் கெட்டது. ஈ மொய்ப்பு எப்போதும் இருந்தது. சாணத்தில் ஒரு பெரும்பங்கு குழிக்கே வரவில்லை, வறட்டியாகி அடுப்பில் எரிந்தது. இந்திய வேளாண்மையை ஆராய அனுப்பப்பட்ட ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் 1893-இல் வெளியிட்ட அறிக்கையில் இதை விரிவாக எழுதினார். உழவர்கள் எருவின் அருமை தெரியாமல் சாணத்தை எரிக்கவில்லை, விறகு கிடைக்காததால்தான் எரிக்கிறார்கள் என்பது அவருடைய முடிவு. விறகுக்கென்றே மரம் வளர்க்க வேண்டும் என்றும் அவர் பரிந்துரைத்தார். உழவரை அறியாதவராகக் காட்டாத அந்தப் பார்வை அக்காலத்து அதிகார அறிக்கைகளில் அரிது.

குப்பையை மக்க வைப்பதற்குத் திட்டமான ஒரு முறையை வகுத்தவர் ஆல்பர்ட் ஹோவர்ட். 1905-இல் பீகாரின் பூசா ஆய்வு நிலையத்துக்கு வந்த இவர், 1924-இல் இந்தூரில் பயிர் ஆராய்ச்சி நிலையம் ஒன்றைத் தொடங்கினார். சீனா, கொரியா, ஜப்பான் உழவர்களைப் பற்றி அமெரிக்கரான பிராங்க்ளின் கிங் எழுதி 1911-இல் வெளிவந்த நூல் அவரை ஆழமாகப் பாதித்தது. இந்திய உழவர்களிடமிருந்தும் கற்றதாக அவர் வெளிப்படையாகச் சொன்னார். யஷ்வந்த் வாட் என்ற வேதியியலாளருடன் சேர்ந்து 1931-இல் இந்தூர் முறையை நூலாக்கினார். செடி கொடிக் கழிவு, சாணம், சிறுநீர் ஊறிய மண், சாம்பல் ஆகியவற்றை அடுக்கடுக்காக இட்டு, ஈரம் காத்து, மூன்று முறை புரட்டினால் மூன்று மாதத்தில் உரம் தயாராகிவிடும்.

அதன் சூட்சுமம் காற்றில் இருக்கிறது. கரிமம் முப்பது பங்கும் தழைச்சத்து ஒரு பங்குமாகக் கலந்த குவியலில் காற்று நுழைந்தால் நுண்ணுயிர்கள் பெருகி, உள்வெப்பம் 60 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். அந்தச் சூட்டில் களை விதைகளும் நோய்க் கிருமிகளும் பெரும்பாலும் அழியும். காற்றில்லாமல் அழுகினால் நாற்றமும் மீத்தேனும்தான் மிஞ்சும். இந்தூர் நிலையத்தில் மாடுகளும் ஆட்களும் தண்ணீரும் இருந்தன. ஒற்றை மாட்டுக் குடும்பத்துக்கு அவ்வளவு பெரிய குவியலைக் கட்டவும் புரட்டவும் முடியாது. முறை உலகப் புகழ் பெற்றது. சிறு உழவரிடம் பரவியது குறைவு.

நகரத்துக் குப்பைக்கு வழி தேடியவர் சி.என்.ஆச்சார்யா. பெங்களூரில் 1939-இல் அவர் உருவாக்கிய முறையில் புரட்டும் வேலையே கிடையாது. நீண்ட குழியில் தெருக் குப்பை ஓர் அடுக்கு, மலக்கழிவு ஓர் அடுக்கு என்று மாற்றி மாற்றி இட்டு மேலே மண்ணால் மூடிவிட வேண்டும். ஆறு முதல் எட்டு மாதத்தில் உரம் கிடைக்கும். 1940-களில் உணவுப் பஞ்சம் நெருக்கியபோது பல நகராட்சிகள் இதைக் கையாண்டன. செலவு குறைவு, சத்து இழப்பும் குறைவு. ஆனால் இந்த முறையின் நன்மையை எடுத்துரைப்பவர்கள் பலரும் ஒன்றைச் சொல்லாமல் விடுகிறார்கள். வாளியிலும் கூடையிலும் மலத்தை அள்ளி அந்தக் குழிக்குக் கொண்டுவந்தவர்கள், சாதியால் அந்த வேலையில் தள்ளப்பட்ட மனிதர்கள். அதைத் தடை செய்யும் சட்டம் 1993-இல்தான் வந்தது. அது போதாமல் 2013-இல் இன்னொரு சட்டம் தேவைப்பட்டது. நகர உரத்தின் வரலாற்றில் மிகப் பெரிய குறை இதுவே.

எருவின் இடத்தை ரசாயன உரம் பிடித்ததற்குக் கணக்கு எளிது. 45 கிலோ யூரியா மூட்டையில் ஏறக்குறைய 21 கிலோ தழைச்சத்து இருக்கிறது. மக்கிய உரத்தில் நூற்றுக்கு அரை முதல் ஒரு பங்குதான் என்பதால், அதே சத்துக்கு இரண்டு முதல் நான்கு டன் வரை சுமக்க வேண்டும். ராணிப்பேட்டையில் 1906-லேயே சூப்பர் பாஸ்பேட் தயாரிப்பு தொடங்கிவிட்டாலும், பசுமைப் புரட்சிக் காலத்தில்தான் மூட்டை உரம் ஊர்தோறும் சென்றது. டிராக்டர் வந்து மாடுகள் குறைந்தபோது குப்பைக்குழிக்கு வேலையில்லாமல் போனது. மண்ணின் பொலபொலப்பு, நீரைப் பிடித்துவைக்கும் திறன், நுண்ணூட்டம் ஆகியவற்றை யூரியா தராது என்பது பின்னாளில் வயல்களில் தெரிந்தது.

1970-களின் நடுவில் பெருநகரங்களில் இயந்திர உரத் தொழிற்சாலைகள் கட்டப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை நிலைக்கவில்லை. கலந்து வந்த குப்பையில் கண்ணாடிச் சில்லும் பேட்டரியும் இருந்தன; பிறகு பிளாஸ்டிக்கும் பெருகியது. காலில் சில்லு குத்தும் உரத்தை எந்த உழவரும் விரும்பவில்லை. வண்டி வாடகை உரத்தின் விலையை மிஞ்சியது. பிரிக்காத குப்பை சென்னையில் கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் மலையாகக் குவிந்தது. குப்பை மேலாண்மை கோரி அல்மித்ரா பட்டேல் 1996-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கைத் தொடர்ந்து 2000-இல் விதிகள் வந்தன. 2016-இன் புதிய விதிகள், குப்பையை வீட்டிலேயே மக்கும் குப்பை, மக்காத குப்பை, தீங்கான குப்பை என்று பிரிக்கச் சொல்லின. அதே ஆண்டில் நகர உரத்துக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் மானியமும் அறிவிக்கப்பட்டது.

இந்தச் சுற்றில் உரமாக்கும் வேலை மறுபடி வீட்டுக்கே வந்திருக்கிறது. மொட்டை மாடியில் துளையிட்ட மண் தொட்டி, அடியில் தென்னை நார்க்கழிவு, மேலே காய்கறித் தோல், அதன்மேல் காய்ந்த சருகு. ஈரமும் சருகும் சரியாக இருந்தால் நாற்றம் வராது. சருகு குறைந்தால் புழு வைக்கும். மீனும் இறைச்சியும் எலியை அழைக்கும். சிறிய தொட்டியில் போதிய சூடு ஏறாததால் நோய் கண்ட செடிகளைப் போடக் கூடாது. இரண்டு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும், இடமும் வேண்டும். சிறு அடுக்குமாடி வீடுகளுக்கு இது உண்மையான தடை. அங்கே குடியிருப்புக்குப் பொதுவான தொட்டியே பொருந்தும்.

நால்வர் குடும்பத்தில் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ ஈரக்குப்பை சேரும். அது வாசலைத் தாண்டாவிட்டால் தூய்மைப் பணியாளர் கையால் கிளற வேண்டிய அழுகல் அந்த அளவுக்குக் குறையும். தொட்டி வைக்க இடமில்லாதவர்கள் ஈரத்தையும் உலர்ந்ததையும் தனித்தனியே கொடுப்பதையாவது இன்றே தொடங்க வேண்டும்.