கண்ணன் தேவன் மலைத் தோட்டக் கம்பெனி

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் மூணாறைத் தலைமையிடமாகக் கொண்ட தேயிலை நிறுவனம். 2005 ஏப்ரல் 1 முதல் இதன் பங்குகளில் பெரும்பகுதி இங்கே வேலை செய்பவர்களின் கையில் உள்ளது. கொழுந்து கிள்ளும் பெண்களில் பெரும்பாலோர் தமிழர்கள். ஆகவே தமிழ்த் தொழிலாளர் வரலாற்றிலும் இதற்கு இடமுண்டு.

தோற்றம்

1877இல் ஜான் டேனியல் மன்ரோ என்ற ஆங்கிலேயர் பூஞ்ஞாறு அரசரிடம் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். முதலில் காப்பி, சிங்கோனா, ஏலம் எனப் பலவும் நட்டுப் பார்த்தார்கள். 1880இல் ஏ. எச். ஷார்ப் பார்வதி என்னுமிடத்தில் தேயிலை நட்டார். இப்பகுதியின் முதல் தேயிலைத் தோட்டம் அதுவே. 1897இல் கண்ணன் தேவன் ஹில்ஸ் புரொட்யூஸ் கம்பெனி உருவாயிற்று. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை 1908 முதல் நீராவி ரயில் ஓடியது. தேயிலைப் பெட்டிகள் அங்கிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூர் வழியே துறைமுகம் சேர்ந்தன. 1924 வெள்ளத்தில் ரயில் பாதை அழிந்தது. அதன்பின் அது மீண்டும் போடப்படவில்லை.

இவை எல்லாவற்றிற்கும் உழைத்தவர்கள், ஆள் திரட்டும் கங்காணிகள் வழியாகத் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் பக்கத்திலிருந்து மலையேறிய ஏழைக் குடும்பங்கள். காட்டை அழித்துத் தோட்டமாக்கியவர்கள் அவர்களே. எனினும் நூறாண்டுக்கு மேலாகியும் ஒரு பிடி மண் அவர்கள் பெயரில் இல்லை.

கைமாற்றம்

1964இல் டாட்டா குழுமம், தோட்டங்களை நடத்திவந்த ஃபின்லே நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்தது. 1983இல் டாட்டா டீ உருவானது. இதற்கிடையே 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் பயிரிடாத நிலத்தைக் கேரள அரசு எடுத்துக்கொண்டது. 2000 வாக்கில் தேயிலை விலை சரிந்து இதே மாவட்டத்துப் பீர்மேட்டில் தோட்டங்கள் பூட்டப்பட்டன. தோட்டத் தொழிலை விட்டு விலக முடிவு செய்த டாட்டா டீ, 2005இல் மூணாறுத் தோட்டங்களைப் புதிதாகத் தொடங்கிய இக்கம்பெனிக்கு மாற்றியது. ஏறத்தாழ 12,000 பணியாளர்கள் பங்குதாரர் ஆனார்கள். டாட்டாவும் ஒரு சிறுபங்கை வைத்துக்கொண்டது.

பயனும் சிக்கலும்

பீர்மேட்டில் நேர்ந்த பட்டினி மூணாறில் நேராதது இந்த ஏற்பாட்டின் பெரும் பயன். லாபம் வந்த ஆண்டுகளில் கூலியோடு பங்காதாயமும் கிடைத்தது.

ஆனால் பங்கு கிடைத்ததே தவிர, அதிகாரம் கிடைக்கவில்லை. ஆக்லாந்தில் உள்ள பெக்கா என்ற பொறியியல் ஆலோசனை நிறுவனமும் பணியாளர் உடைமைதான். அங்கே பங்கு வைத்திருப்பவர்கள் படித்த, நல்ல சம்பளக்காரர்கள். இங்கோ நாள்கூலிக்குக் கொழுந்து கிள்ளுபவரின் சில பங்குகள் நிர்வாகக் குழுவின் முன் எடுபடுவதில்லை.

2015 செப்டம்பரில் கம்பெனி போனசை 10 விழுக்காடாகக் குறைத்தது. 20 விழுக்காடு கேட்டு ஆயிரக்கணக்கான பெண்கள் மூணாறுச் சாலைகளில் அமர்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களை அவர்கள் அண்டவிடவில்லை. 'பெம்பிளை ஒருமை' (பெண்கள் ஒற்றுமை) என்று பெயர் பெற்ற அப்போராட்டம் ஒன்பது நாள் நீடித்தது. முதலமைச்சர் உம்மன் சாண்டியின் முன்னிலையில் 8.33 விழுக்காடு போனசும் 11.67 விழுக்காடு கருணைத் தொகையும் தர ஒப்பந்தமாயிற்று. பெயரளவில் உடைமையாளர்களான பெண்கள் தங்கள் சொந்தக் கம்பெனியை எதிர்த்தே வென்ற அரிய நிகழ்வு இது.

வீட்டுச் சிக்கல் அப்படியே நிற்கிறது. ஓய்வு பெற்றதும் லயம் எனப்படும் தோட்டக் குடியிருப்பைக் காலி செய்தாக வேண்டும். 2020 ஆகஸ்டில் இக்கம்பெனியின் பெட்டிமுடி லயங்கள் மீது மலை சரிந்து 70 பேர் மாண்டார்கள்.

இன்று 'ரிப்பிள்' என்ற பெயரில் தேயிலை விற்கும் இந்நிறுவனம், நல்லதண்ணித் தோட்டத்தில் தேயிலை அருங்காட்சியகம் ஒன்றையும் நடத்துகிறது.