சந்தேகத்தின் பேரில் ஒரு நகரம்

நெப்போலியன் போர்கள் முடிந்த பின் வேலையும் வீடும் இல்லாமல் அலைந்த சிப்பாய்களையும் ஏழைகளையும் தெருவிலிருந்து அகற்ற, 1824இல் இங்கிலாந்து ஒரு சட்டம் இயற்றியது. குற்றம் செய்யும் நோக்கோடு ஒருவர் சுற்றுவதாகச் சந்தேகம் எழுந்தாலே, அதன் 4ஆம் பிரிவின்படி அவரைக் கைது செய்யலாம். பறிகொடுத்தவர் என்று யாரும் சாட்சி சொல்ல வேண்டாம்; போலீஸ்காரர்களின் வாக்குமூலமே போதும். 1970களில் லண்டன் போலீஸ் அதே பிரிவைக் கரீபியத் தீவுகளிலிருந்து குடியேறியவர்களின் பிள்ளைகள் மீது ஏவியது. அந்தப் பிரிவுக்கு வழங்கிய ‘சஸ்’ என்ற பெயரைக் கேட்டாலே அந்த வீடுகளில் ஆத்திரம் மூண்டது.

லண்டனின் நாட்டிங் ஹில்லில், கரீபியத் தீவிலிருந்து குடியேறிய ஃபிராங்க் கிரிச்லோ நடத்திய ‘மாங்ரோவ்’ உணவகத்தில், 1969 ஜனவரிக்கும் 1970 ஜூலைக்கும் இடையில் போலீஸ் 12 முறை சோதனை போட்டது. அதை எதிர்த்து ஆகஸ்டில் நடந்த ஊர்வலம் கைகலப்பில் முடிய, 9 பேர் மீது கலவர வழக்கு பாய்ந்தது. ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் 55 நாள் விசாரணை. அவர்களில் அல்தியா ஜோன்ஸ், டார்கஸ் ஹவ் இருவரும் தங்களுக்காகத் தாங்களே வாதாடினார்கள். கலவரக் குற்றச்சாட்டிலிருந்து 9 பேரும் விடுதலையானார்கள். இனவெறுப்பு இரு தரப்பிலும் இருந்ததற்குச் சான்று உண்டு என்று நீதிபதியே சொன்னார்.

போலீஸ் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

1981 ஏப்ரலில் லண்டனின் பிரிக்ஸ்டனில் சாதாரண உடையில் இறங்கிய போலீஸார், சில நாள்களுக்குள் 943 பேரை நிறுத்திச் சோதனையிட்டார்கள். ஏப்ரல் 10 முதல் 12 வரை பிரிக்ஸ்டன் எரிந்தது. ஸ்கார்மன் பிரபு விசாரித்து அறிக்கை தந்தார். ‘சஸ்’ பிரிவு அந்த ஆண்டே நீக்கப்பட்டது. ஆனால் போலீஸ் நிறுவனத்திலேயே இனவெறி ஊறியிருக்கிறது என்பதை ஸ்கார்மன் ஏற்கவில்லை.

அதை ஏற்கவைத்தது ஒரு குடும்பம். 1993 ஏப்ரல் 22 அன்று, லண்டனின் எல்தமில் பேருந்துக்குக் காத்திருந்த 18 வயது கறுப்பின இளைஞர் ஸ்டீபன் லாரன்ஸை வெள்ளை இளைஞர் கும்பல் ஒன்று குத்திக் கொன்றது. அவருடன் இருந்து உயிர் தப்பிய நண்பரைப் போலீஸ் சாட்சியாக நடத்தாமல் சந்தேகத்தோடே நடத்தியது. ஸ்டீபனின் பெற்றோர் டோரீனும் நெவிலும் விடாமல் போராடினார்கள். இந்தக் கொலை வழக்கைப் போலீஸ் கையாண்ட விதம் பற்றி 1999இல் வந்த மக்பர்சன் அறிக்கை லண்டன் போலீஸில் நிறுவனமயமான இனவெறி இருப்பதாக அறிவித்து, 70 பரிந்துரைகளைத் தந்தது. ஒருமுறை விடுவிக்கப்பட்டவரையும் புதிய சான்று கிடைத்தால் மீண்டும் விசாரிக்க வழி பிறந்தது. கொலையாளிகளில் இருவர் 2012இல் தண்டிக்கப்பட்டார்கள்.

2023இல் லண்டன் போலீஸ் பற்றி வந்த லூயிஸ் கேசியின் அறிக்கை, மக்பர்சனின் அதே முடிவுக்குத் திரும்பவும் வந்தது. தவறுகளை ஒப்புக்கொண்ட லண்டன் போலீஸ் ஆணையர் மார்க் ரௌலி, ‘நிறுவனமயமான’ என்ற அடைமொழியை மட்டும் ஏற்க மறுத்தார். இன்றும் லண்டனில் நிறுத்திச் சோதிக்கப்படும் வாய்ப்பு வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவருக்கே அதிகம்.