எக்சு-சார் பாசுபேட்டுக்குறை ரிக்கெட்சு

எக்சு-சார் பாசுபேட்டுக்குறை ரிக்கெட்சு என்பது, சிறுநீர் வழியாகப் பாசுபேட்டு மிகுதியாக வெளியேறுவதால் எலும்புகளும் பற்களும் உறுதி இழக்கும் ஒரு பரம்பரை நோய் ஆகும். ஏறத்தாழ 20,000 பிறப்புகளுக்கு ஒன்று எனக் காணப்படுகிறது. உயிர்ச்சத்து டி-க்குக் கட்டுப்படாத ரிக்கெட்சு என 1937இல் ஃபுல்லர் ஆல்பிரைட் குழுவினர் இதனை விவரித்தனர். காரணமான பிஹெக்ஸ் மரபணு 1995இல் கண்டறியப்பட்டது. இது பழுதுபட்டால் எஃப்.ஜி.எஃப் 23 என்னும் இயக்குநீர் எலும்பில் மிகுதியாகச் சுரந்து, சிறுநீரகம் பாசுபேட்டை மீள உறிஞ்சுவதைத் தடுக்கிறது. நோயுள்ள தந்தையின் மகள்கள் அனைவருக்கும் இந்நோய் வரும்; மகன்களுக்கு வராது.

முதிர்பருவ விளைவுகள்

குழந்தைப் பருவத்தில் பாசுபேட்டுக் கரைசலும் கால்சிட்ரையாலும் நாள்தோறும் பலமுறை தரப்படுகின்றன. முதல் வயதுக்குள் தொடங்கினால் உயரமும் கால் வளைவும் கூடுதலாகச் சீரடைகின்றன. வளர்ச்சி நின்றதும் பலர் மருந்தை விட்டுவிடுகின்றனர். நோயோ வாழ்நாள் முழுவதும் தொடர்வது. தொடை எலும்பில் போலி முறிவுகள், சொத்தை இல்லாமலே பல்வேரில் சீழ்க்கட்டி, முழங்கால் மூட்டுத் தேய்வு, சிலருக்குக் கேட்கும் திறன் குறைவு ஆகியன பின்னாளில் தோன்றுகின்றன. தசைநாண் எலும்புடன் சேரும் இடங்களில் சுண்ணாம்பு படிந்து குதிகாலும் முதுகும் இறுகுகின்றன. திருவண்ணாமலையில் 14 கி.மீ. கிரிவலப் பாதையை வெறுங்காலுடன் சுற்றிவருவது இவர்களுள் பலருக்கு எளிதன்று.

முதிர்ந்தோரிடம் பழைய மருந்துமுறை போலி முறிவுகளை ஆற்றவும் பற்களைக் காக்கவும் உதவுகிறது. தசைநாண் சுண்ணாம்புப் படிவைத் தடுப்பதாகத் தெரியவில்லை. அளவு மிகுந்தால் சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படிதலும் பாராதைராய்டு மிகைச் சுரப்பும் நேரலாம். எனவே இரத்த, சிறுநீர்ச் சோதனைகள் இன்றி இம்மருந்துகளைத் தொடரலாகாது. எஃப்.ஜி.எஃப் 23ஐ முடக்கும் புரோசுமாப் ஊசிமருந்து 2018இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. முதிர்ந்தோருக்கு நான்கு வாரங்களுக்கு ஒருமுறை செலுத்தப்படுகிறது. விலையோ மிக அதிகம்.

வட தமிழகத்தில்

திருவண்ணாமலையை அடுத்த தருமபுரி மாவட்டத்தில் நிலத்தடி நீரின் புளோரைடாலும் எலும்புகள் பாதிக்கப்படுவதுண்டு. ஆகவே கால் வளைவை மட்டும் கண்டு முடிவு செய்தல் தவறு. இரத்தப் பாசுபேட்டை அளந்தாலே வேறுபாடு பெரிதும் புலப்படும். இதற்கான சிறப்பு மருத்துவம் திருவண்ணாமலையிலிருந்து ஏறத்தாழ 80 கி.மீ. தொலைவிலுள்ள வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் அகச்சுரப்பியியல் துறையில் கிடைக்கிறது.