மாஸ்டா: ஹிரோஷிமாவின் கார் கம்பெனி

மாஸ்டா கம்பெனி முதலில் செய்து விற்றது கார்க் தக்கை. 1920 ஜனவரி 30 அன்று ஹிரோஷிமாவில் அது நிறுவப்பட்டபோது அதன் பெயர் டோயோ கார்க் கோக்யோ. முதல் உலகப் போரால் ஐரோப்பிய கார்க்கின் வரத்து குறைந்தது. அபேமாகி என்ற உள்நாட்டு மரத்தின் பட்டையை வைத்து அந்தத் தட்டுப்பாட்டை ஈடுகட்டலாம் என்று பணம் போட்டவர்கள் எண்ணினார்கள். போர் ஓய்ந்து அசல் கார்க் மறுபடியும் வரத் தொடங்கியதும் மாற்றுச் சரக்குக்கு மவுசு போய்விட்டது. 1921இல் தலைமைக்கு வந்த ஜூஜிரோ மாட்சுடா, மீனவக் குடும்பத்தில் 1875இல் பிறந்து, சிறுவயதிலேயே ஒசாகா போய்க் கொல்லுப் பட்டறையில் வேலை பழகியவர். தக்கையைவிட இரும்புதான் அவருக்குத் தெரிந்த தொழில். 1925இல் தொழிற்சாலை தீப்பிடித்தது. 1927இல் பெயரிலிருந்து கார்க் நீங்கி, கம்பெனி டோயோ கோக்யோ ஆனது. இயந்திரக் கருவிகளும் மோட்டார் வண்டிகளும் இனி அதன் வேலை.

1931இல் வெளிவந்த முதல் வண்டி மூன்று சக்கரச் சரக்கு வண்டி. முன்பாதி மோட்டார் சைக்கிள் போல ஹேண்டில்பாரும் சேணமும்; பின்பாதி பலகை அடித்த தொட்டி. 482 சிசி இன்ஜின், ரிவர்ஸ் கியர் உண்டு. அன்றைய ஜப்பானில் இந்த வகைச் சிறு வண்டிகளுக்கு ஓட்டுநர் தேர்வு கிடையாது; குறுகிய சந்துகளில் நுழையும்; விலையும் கடைக்காரர்களுக்குக் கட்டுப்படியானது. வண்டிக்கு மாஸ்டா-கோ என்று பெயர். 1936இல் இவ்வண்டிகளின் அணி ஒன்று தெற்கே ககோஷிமாவிலிருந்து டோக்கியோ வரை சுமார் 2,700 கிலோமீட்டர் ஓடிக் காட்டியது. சாலை என்று சொல்லத் தக்கது அதிகம் இல்லாத காலத்தில் அதைவிட நல்ல விளம்பரம் வேறு இருந்திருக்க முடியாது. 1940இல் ஒரு சிறிய காருக்கும் முன்மாதிரி தயாரானது. அதற்குள் போர் முற்றிவிட்டது. ஆலை ராணுவத்துக்குத் துப்பாக்கிகள் செய்தது.

1945 ஆகஸ்ட் 6, ஜூஜிரோவின் 70ஆவது பிறந்தநாள். காலையிலேயே நகருக்குள் போய் முடிவெட்டிக்கொண்டு அவர் காரில் கிளம்பிய சற்று நேரத்தில், 8.15க்கு, அணுகுண்டு விழுந்தது. அவர் தப்பினார். ஆலை நகர மையத்துக்குச் சுமார் 5 கிலோமீட்டர் கிழக்கே ஃபுச்சூவில் இருந்தது. நடுவே ஹிஜியாமா குன்று நின்றதால் வெடிப்பின் முழு வேகம் அங்கே எட்டவில்லை. கூரைகளும் கண்ணாடிகளும் போயின, கட்டடங்கள் நின்றன. வேலையாக நகருக்குள் போயிருந்த ஊழியர்கள் பலர் மாண்டார்கள். நகரத்தில் நிற்கும் கட்டடமே அரிதாகிவிட்ட நிலையில் ஹிரோஷிமா மாநில நிர்வாகம் இந்தக் கம்பெனியின் அலுவலகத்துக்கே குடிபெயர்ந்து, 1946 ஜூலை வரை அங்கிருந்து இயங்கியது. குண்டு விழுந்த நான்கே மாதத்தில், 1945 டிசம்பரில், மூன்று சக்கர வண்டி உற்பத்தி மறுபடி தொடங்கிற்று. இடிபாட்டை அள்ளவும் மரமும் சிமென்ட்டும் சுமக்கவும் ஊருக்கு முதலில் தேவைப்பட்டது அந்த வண்டிதான். ஹிரோஷிமா மக்களுக்கு இந்தக் கம்பெனி மேல் இருக்கும் உரிமையுணர்வு அந்த ஆண்டுகளில் உண்டானது. பின்னால் வந்த நெருக்கடியில் அதுவே கம்பெனிக்குக் கைகொடுத்தது.

1951 இறுதியில் ஜூஜிரோவின் மகன் சுனேஜி தலைவரானார். 1960இல் முதல் கார், ஆர்360 கூப்பே, வந்தது. எடை 380 கிலோ, இன்ஜின் 356 சிசி, விலை 3 லட்சம் யென். அதே வேளையில் டோக்கியோவில் தொழில் அமைச்சகம் வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. வெளிநாட்டுக் கார்களுக்குச் சந்தையைத் திறந்துவிடும் நாள் வருமுன் உள்நாட்டுக் கம்பெனிகளைச் சில குழுக்களாக ஒடுக்கிவிட வேண்டும் என்பது அதன் திட்டம். தலைநகரிலிருந்து வெகுதூரத்தில், மூன்று சக்கர வண்டியால் பிழைத்துக்கொண்டிருந்த ஒரு கம்பெனி, யாரிடமும் இல்லாத ஒன்றைக் கைவசம் வைத்திருந்தால்தான் தனித்து நிற்க முடியும் என்று சுனேஜி முடிவு செய்தார். அந்த ஒன்று ஜெர்மனியில் இருந்தது: ஃபெலிக்ஸ் வான்கெல் வகுத்து, என்எஸ்யூ கம்பெனி உருவாக்கிய ரோட்டரி இன்ஜின். 1961இல் ஒப்பந்தம் உறுதியானது. இதை வெறும் துணிச்சல் என்று சொல்லிவிட முடியாது. வேறொருவருக்குள் கரைந்துபோய்விடுவோமோ என்ற அச்சமும் அந்தக் கையெழுத்தில் சரிபாதி இருந்தது.

சாதாரண இன்ஜினில் பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும். ரோட்டரியில் பிஸ்டனே கிடையாது. நிலக்கடலை போல நடுவில் இடுங்கிய ஒரு கூட்டுக்குள் முக்கோண ரோட்டர் சுழல்கிறது. அதன் மூன்று முனைகளும் எப்போதும் கூட்டின் சுவரை உரசியபடியே நகர, மூன்று அறைகள் உண்டாகிப் பெரிதாகவும் சிறிதாகவும் மாறுகின்றன. காற்றும் பெட்ரோலும் உள்ளே வருவதும் அமுக்கப்படுவதும் எரிவதும் புகை வெளியேறுவதும் அந்த அறைகளிலேயே நடந்து முடிகின்றன. வால்வு இல்லை, அதிர்வு குறைவு, சிறிய உருவத்தில் பெரிய சக்தி. தொல்லை முழுவதும் அந்த மூன்று முனைகளில். ஒவ்வொரு முனையிலும் மெல்லிய சீல் ஒன்று பொருத்தப்பட்டு, எரியும் வாயு பக்கத்து அறைக்குக் கசியாமல் தடுக்க வேண்டும். ஹிரோஷிமாவில் முதலில் ஓட்டிப் பார்த்த இன்ஜின்களில் சீல்கள் துடித்துத் துடித்துக் கூட்டின் உட்சுவரில் வரிவரியாகத் தடம் பதித்தன. பொறியாளர்கள் அவற்றைச் சாத்தானின் நகக்கீறல் என்று அழைத்தார்கள். ஆயில் உள்ளே கசிந்து வெள்ளைப் புகையும் கிளம்பியது.

1963 ஏப்ரலில் இதற்கென்றே ஆராய்ச்சிப் பிரிவு அமைந்தது. தலைவர் கெனிச்சி யாமமோட்டோ. அவர் உட்பட 47 பொறியாளர்கள். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த அவர், போருக்குப் பின் சொந்த ஊரான ஹிரோஷிமாவுக்குத் திரும்பியபோது கிடைத்தது கியர்பாக்ஸ் பூட்டும் தொழிலாளி வேலை. தங்கையைக் குண்டுவீச்சில் இழந்திருந்தார். சீல் எந்தப் பொருளால் ஆனால் துடிக்காது என்பதே அவர்கள் முன்னிருந்த கேள்வி. எத்தனையோ பொருள்களைப் பூட்டி, ஓட்டி, கழற்றிப் பார்த்தார்கள். முனையருகே குறுக்கும் நெடுக்குமாகத் துளையிட்ட உலோகச் சீலில் துடிப்பு அடங்கியது. பிறகு கார்பனில் அலுமினியத்தை ஊடுருவச் செய்த சீல் நிலைத்தது. சுனேஜி, இந்த இன்ஜின் பூட்டிய முன்மாதிரிக் கோஸ்மோ ஸ்போர்ட் காரை ஹிரோஷிமாவிலிருந்து தாமே ஓட்டிக்கொண்டு டோக்கியோ மோட்டார் கண்காட்சிக்குப் போனார். விற்பனை 1967 மே 30 அன்று தொடங்கியது: இரண்டு ரோட்டர், 110 குதிரைத்திறன். 1972 வரை கட்டப்பட்டவை 1,176 கார்கள் மட்டுமே. 1968இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் 84 மணி நேரப் பந்தயத்துக்கு இரண்டு கோஸ்மோக்கள் போயின. ஒன்று கடைசிக் கட்டத்தில் அச்சு பழுதாகி நின்றது. மற்றது நான்காவதாக வந்தது. இன்ஜின் தாங்கும் என்பதற்கு அதுவே போதிய சான்று.

இந்த இன்ஜினைத் தந்த என்எஸ்யூவின் கதி நேர்மாறானது. அதன் ஆர்ஓ80 காரும் 1967இல்தான் வந்தது. அதில் சீல்கள் சீக்கிரம் தேய்ந்தன. இலவசமாக இன்ஜின் மாற்றிக்கொடுத்தே நிறுவனம் நொடித்தது. எதிரெதிரே வரும் ஆர்ஓ80 உரிமையாளர்கள், தாங்கள் இதுவரை எத்தனை இன்ஜின் மாற்றினோம் என்று விரல் உயர்த்திக் காட்டிக்கொள்வார்கள் என்று இன்றும் சொல்லப்படுவதுண்டு. 1969இல் என்எஸ்யூ, ஃபோக்ஸ்வாகன் குழுமத்துக்குள் அடங்கியது.

மாஸ்டாவுக்கு அடி வேறு பக்கமிருந்து வந்தது. 1970 முதல் அமெரிக்காவில் ரோட்டரி கார்கள் நன்றாகவே விற்றன. எரியாமல் வெளிவரும் பெட்ரோல் ஆவியைத் தனி அறையில் எரித்து, கடுமையான புகைச் சட்டத்தையும் கம்பெனி சமாளித்துவிட்டது. ஆனால் 1973இல் எண்ணெய் நெருக்கடி மூண்டு, பங்க்குகளில் வரிசை நீண்டபோது, நகர ஓட்டத்தில் இந்தக் கார்கள் லிட்டருக்கு 5 கிலோமீட்டர்கூடத் தரவில்லை என்று அமெரிக்க அரசின் சோதனைக் கணக்கு சொன்னது. விற்பனை சரிந்தது, துறைமுகங்களில் கார்கள் தேங்கின. சுமிடோமோ வங்கி உள்ளே வந்து நிர்வாகத்தை இறுக்கியது. சுனேஜியின் மகன் கோஹெய் 1977இல் தலைவர் பதவியிலிருந்து விலகினார். மாட்சுடா குடும்பத்தின் ஆட்சி அதோடு முடிந்தது.

இந்த வரலாற்றில் மிக அரிய பகுதி இந்த நெருக்கடியின்போது நடந்ததுதான். ஆட்குறைப்பு செய்து தெருவில் விடுவதற்குப் பதில், ஆலைத் தொழிலாளர்களைக் கம்பெனி நாடெங்கும் இருந்த டீலர்களிடம் கார் விற்க அனுப்பியது. ஆண்டுக்கணக்கில் முறைவைத்து ஏறத்தாழ 5,000 பேர் போனார்கள். நேற்றுவரை லைனில் நின்று போல்ட் முடுக்கியவர்கள் முன்பின் தெரியாத ஊர்களில் வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள். ஹிரோஷிமாவில் கடைக்காரர்களும் வங்கிகளும் உதிரிபாகம் செய்யும் பட்டறைகளும் சேர்ந்து, வாங்கினால் மாஸ்டாவே வாங்குவது என்று இயக்கமாகவே நடத்தினார்கள். ஊரின் பேஸ்பால் அணியான கார்ப், பெயரிலேயே டோயோவைத் தாங்கிய அணி, 1975இல் முதன்முறையாக லீக் சாம்பியன் ஆனது. கம்பெனி மிக மோசமாக இருந்த ஆண்டில் ஊருக்குக் கிடைத்த ஆறுதல் அது. 1979இல் ஃபோர்டு சுமார் 25 சதவீதப் பங்கை வாங்கியது. 1980இல் வந்த ஃபமீலியா ஹேட்ச்பேக், ஜப்பானில் அவ்வாண்டு தொடங்கிய சிறந்த கார் விருதை முதலாவதாகப் பெற்றுக் கல்லாவை நிரப்பியது. சாதாரண பிஸ்டன் இன்ஜின் பூட்டிய அந்தக் குடும்பக் காரின் வருமானம்தான் ரோட்டரியைப் பிழைக்க வைத்தது.

நெருக்கடிக் காலத்தில் ரோட்டரியைக் கைவிடச் சொன்னவர்கள் பலர். யாமமோட்டோ விடவில்லை. இனி எல்லாக் கார்களுக்கும் அது வேண்டாம், அதன் குணம் பொருந்தும் ஸ்போர்ட்ஸ் காருக்கு மட்டும் என்று முடிவானது. 1978இல் ஆர்எக்ஸ்-7 பிறந்தது.

ஆர்எக்ஸ்-7, பின்னர் 2003இல் வந்த ஆர்எக்ஸ்-8 ஆகியவற்றை வைத்திருந்தவர்களின் அனுபவம் மற்றக் கார்க்காரர்களுடையதைப் போன்றதல்ல. சீல்கள் உலராமல் இருக்க இந்த இன்ஜின், தானே சொட்டுச் சொட்டாக ஆயிலை எரியறைக்குள் விட்டுக்கொள்கிறது. ஆகவே ஆயில் குறைவது பழுதல்ல, இயல்பு. பெட்ரோல் போடும்போதெல்லாம் அளவுக் கம்பியை உருவிப் பார்ப்பதும் டிக்கியில் ஒரு ஆயில் டப்பா வைத்திருப்பதும் பழக்கமாயின. இன்னொரு விதியைப் புதிதாக வாங்குபவர்களுக்குப் பழையவர்கள் கட்டாயம் சொல்வார்கள்: வண்டியை நான்கடி நகர்த்தி நிறுத்துவதற்காக ஸ்டார்ட் செய்து உடனே அணைக்கக் கூடாது. குளிர்ந்த இன்ஜினுக்குள் கூடுதலாகத் தெளிக்கப்பட்ட பெட்ரோல் எரியாமல் தங்கி, சீல்களின் மேலிருந்த ஆயில் படலத்தைக் கழுவிவிடும். பிளக்குகள் நனைந்து, கம்ப்ரஷன் இறங்கி, மறுபடி சாவியைத் திருகினால் இன்ஜின் வெறுமனே சுற்றும். ஆக்ஸிலேட்டரை அடிவரை மிதித்தபடி ஸ்டார்ட்டரை ஓட்டிப் பெட்ரோலை வெளியேற்ற வேண்டும். அதிலும் கிளம்பாவிட்டால் பிளக்கைக் கழற்றி அறைக்குள் சிறிது ஆயில் விட வேண்டும்.

மறுபக்கம், இந்த இன்ஜின் தந்த இன்பமும் தனியானது. வேகம் கூடக்கூட மென்மையாகும் இன்ஜின் அபூர்வம். எல்லை தாண்டுவது ஓட்டுபவருக்குத் தெரியாமலே போய்விடும் என்பதால் ஆர்எக்ஸ்-7இல் எச்சரிக்கை பஸ்ஸரே வைத்திருந்தார்கள். பழைய காரை வாங்கப் போகிறவர்கள், சூடான இன்ஜினை அணைத்து உடனே மறுபடி கிளப்பிப் பார்ப்பார்கள். தயங்கினால் சீல் தேய்ந்திருக்கிறது என்று பொருள். அமெரிக்காவில் ஆர்எக்ஸ்-8 பற்றிப் புகார்கள் பெருகியபோது, 2004 முதல் 2008 வரையிலான மாடல்களின் இன்ஜினுக்கான வாரன்டியை 8 ஆண்டு அல்லது 1 லட்சம் மைல் என்று மாஸ்டா நீட்டித்தது.

1984இல் கம்பெனி தன் பெயரை மாஸ்டா மோட்டார் கார்ப்பரேஷன் என்று மாற்றிக்கொண்டது, யாமமோட்டோ தலைவரானார். இந்தியாவிலும் அந்தப் பெயர் அறிமுகமானது அதே பத்தாண்டில்தான். பஞ்சாப் டிராக்டர்ஸுடன் கூட்டாக உருவான ஸ்வராஜ் மாஸ்டா லாரிகளும் வேன்களும் தமிழ்நாட்டுச் சாலைகளில் ஓடின, கார்கள் வரவில்லை. 1991 ஜூனில் பிரான்சின் லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் 55 எண் கொண்ட 787பி கார், நான்கு ரோட்டர் இன்ஜினோடு 362 சுற்று ஓடி வென்றது. ஜப்பானியக் கம்பெனி ஒன்று அங்கே பெற்ற முதல் வெற்றி. கடைசிக் கட்டத்தை ஓட்டிய ஜானி ஹெர்பெர்ட் உடல் நீர் வற்றி மயங்கியதால் மேடை ஏற முடியவில்லை.

1989இல் வெளிவந்த எம்எக்ஸ்-5 ரோட்டரி அல்ல. எளிய நான்கு சிலிண்டர் இன்ஜின், திறந்த கூரை, இரண்டே இருக்கை. பாப் ஹால் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் 1979இல் யாமமோட்டோவிடம் சொன்ன யோசனையிலிருந்து அது முளைத்தது. 2016இல் 10 லட்சமாவது கார் வெளியே வந்தது. இதை வைத்திருப்பவர்களின் கவலை இன்ஜினைப் பற்றியதல்ல, தண்ணீரைப் பற்றியது. மடிப்புக் கூரையின் பின்னோரத்தில் மழைநீர் வடியும் துளைகளை இலைச்சருகு அடைத்துவிட்டால், நீர் கதவடிப் பெட்டிக்குள் இறங்கி உள்ளிருந்தே துருப்பிடிக்க வைக்கும். பின்கண்ணாடிக்குப் பதில் இருந்த பிளாஸ்டிக் தாள் மஞ்சளித்து வெடிக்கும். முதல் தலைமுறைக் காரை இன்னும் கைவிடாதவர்களுக்காகவே, ஜப்பானில் அதை முழுமையாகப் புதுப்பித்துத் தரும் சேவையை மாஸ்டா 2017இல் அறிவித்தது. நின்றுபோயிருந்த கூரைத் துணி, மர ஸ்டீயரிங், அந்தக் காலத்து டயர்கூட மறுபடி செய்யப்பட்டன.

1996இல் ஃபோர்டின் பங்கு 33.4 சதவீதமாகி, ஹென்றி வாலஸ் தலைவரானார். ஜப்பானியக் கார் கம்பெனி ஒன்றின் தலைமையில் வெளிநாட்டவர் அமர்ந்தது அதுவே முதல்முறை. 2008 முதல் ஃபோர்டு படிப்படியாக வெளியேறியது. 2017இல் டொயோட்டா சிறு பங்கோடு கூட்டாளியானது. 2012இல் ஆர்எக்ஸ்-8 நின்றபோது ரோட்டரிக் கார் உற்பத்தியும் நின்றது. ஆனால் பழைய கார்களுக்கு மாற்று இன்ஜின் கட்டும் வேலையைக் கம்பெனி விடவில்லை. 2023இல் எம்எக்ஸ்-30 காரில் 830 சிசி ஒற்றை ரோட்டர் திரும்பி வந்தது. இப்போது அது சக்கரங்களைச் சுழற்றுவதில்லை. பேட்டரிக்கு மின்சாரம் உண்டாக்குகிறது. முனைச் சீலின் தடிமன் 2 மில்லிமீட்டரிலிருந்து 2.5 மில்லிமீட்டராகக் கூட்டப்பட்டுள்ளது.