ஜைத்தூன் மரங்களுக்கிடையே ஸஅதர்

 

ஜைத்தூனைப் பாக்கியம் பெற்ற மரமென்று வல்ல அல்லாஹ் தன் திருமறையின் 'அந்நூர்' அத்தியாயத்தில் சிறப்பிக்கின்றான். மரத்தின் மகிமையை நாம் அறிவோம். மரத்திற்கும் மரத்திற்கும் நடுவிலுள்ள மண்ணின் வரலாற்றை அறிந்தோர் குறைவு. பலஸ்தீனத்தில் அந்த மண்ணே வழக்காகி நிற்கின்றது.

நாப்லுஸ், ஜெனீன் பகுதி மலைச்சரிவுகளில் கற்சுவர் எழுப்பி, படிப்படியாக நிலம் திருத்தி, தாராள இடைவெளிவிட்டு ஜைத்தூன் நடுவர். ஓராண்டு நிறையக் காய்த்தால் மறு ஆண்டு குறைவாகவே காய்ப்பது அம்மரத்தின் இயல்பு. ஆகவே இடைவெளியில் கோதுமை, வாற்கோதுமை, பருப்பு விதைத்து அந்த மெலிந்த ஆண்டைக் கடந்து வந்தனர். மூலிகைகளை எவரும் விதைக்கவில்லை. ஸஅதரும், மர்யம் (அலை) அவர்களின் பெயரால் வழங்கும் மர்யமிய்யாவும் சுவர் இடுக்குகளிலும் மலையிலும் தாமாகவே முளைத்தன. நம் வீட்டுக் கற்பூரவள்ளி இலையைக் கசக்கினால் எழும் வாசனையே ஏறத்தாழ ஸஅதரின் வாசனை. அதை உலர்த்தி, எள்ளும் சுமாக்கும் சேர்த்து, ஜைத்தூன் எண்ணெயில் ரொட்டியைத் தோய்த்து உண்பர். மர்யமிய்யா தேநீரில் இடப்பட்டு வயிற்று வலிக்கு மருந்தாகும்.

1977-இல் இஸ்ரேல் அரசு ஸஅதரைப் பாதுகாக்கப்பட்ட செடியாக அறிவித்து, காட்டில் பறிப்பதைத் தடை செய்தது. செடி அழிகின்றது என்பது அவர்கள் சொன்ன காரணம். தலைமுறை தலைமுறையாக வேரை விட்டுத் தழையை மட்டும் கொய்து வந்த கிராமத்துப் பெண்கள் குற்றவாளிகளாயினர். மலையில் பறிக்க இயலாததை விவசாயிகள் நிலத்தில் பயிரிடலாயினர். ஜைத்தூன் வரிசைகளின் நடுப்பகுதியும் அதற்கு இடமாயிற்று. ஒருமுறை நட்டால் பல ஆண்டுகள் நிற்கும். ஓராண்டிலேயே பலமுறை அறுக்கலாம்.

இதில் மற்றொரு பயனும் உண்டு. 1858-ஆம் ஆண்டின் உஸ்மானிய நிலச்சட்டப்படி, தக்க காரணமின்றி மூன்றாண்டுகள் தரிசாகக் கிடந்த அரசுரிமை நிலத்தை அரசு வேறொருவருக்கு வழங்கலாம். நிலம் வீணாகக் கிடக்கலாகாது என்பதே அதன் நோக்கம். நம் ஃபிக்ஹு நூல்களில் 'இஹ்யாஉல் மவாத்' பாடத்தை ஓதியவர்களுக்கு இக்கருத்து புதிதன்று. அதே சட்டத்தைக் கொண்டே 1979-க்குப் பின் மேற்குக் கரையில் ஏராளமான நிலம் 'அரசு நிலம்' என அறிவிக்கப்பட்டது. பாறை நிலத்தில் பாதிக்கும் குறைவாகப் பயிரிருந்தால் முழுத்துண்டும் பறிபோகலாம் என்றும் வியாக்கியானம் செய்தனர். உழவரை ஊக்குவிக்க எழுந்த சட்டத்தை உழவருக்கெதிராகத் திருப்பிய இச்செயலை அநீதி என்றே சொல்ல வேண்டும். எனவே இரு மரங்களுக்கிடையே நிற்கும் ஸஅதர்ச் செடி, நிலம் உயிரோடிருக்கின்றது என்பதற்கு ஒரு சாட்சியுமாகும்.

2019-இல் சொந்தத் தேவைக்குச் சிறிதளவு பறிக்கலாமெனத் தடையைத் தளர்த்தினர். அதற்குள் மலைச்செடி தோட்டச்செடியாகி நாற்பதாண்டுகள் கடந்திருந்தன.