இதயத் தசையின் உறக்கமும் மரணமும்

சென்னையிலிருந்து மும்பைக்கு இருப்புப்பாதை வழியே செல்லும் தமிழர்க்கு ரேணிகுண்டாச் சந்திப்பு புதிதன்று. அதற்கு அணித்தேயுள்ள திருப்பதியில், தேவஸ்தானத்தின் ஆதரவுடன் ஸ்ரீ வேங்கடேஸ்வர மருத்துவ அறிவியல் நிலையம் 1993-ஆம் ஆண்டு பணி தொடங்கியது. இத்தகைய மருத்துவ நிலையங்களில் மாரடைப்புற்றோரைக் குறித்து எழும் முதன்மையான வினா ஒன்றுண்டு: இயக்கம் குன்றிய இதயத் தசை மாண்டுவிட்டதா, அன்றி உறங்குகிறதா? உறங்கும் தசைக்குக் குருதியோட்டத்தை மீட்டளித்தால் அது விழிக்கக்கூடும். மாண்ட தசை மீள்வதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐந்தோவன் உருவாக்கிய மின்வரைவுக் கருவி மாரடைப்பை அறிவித்தது. ஆனால் சேதத்தின் ஆழத்தைத் துல்லியமாக அளந்து கூறவில்லை. 1977-இல் ரைமர், ஜென்னிங்ஸ் முதலியோர் நாய்களிடம் நடத்திய ஆய்வு, தமனி அடைபட்டபின் தசையின் இறப்பு உட்சுவரில் தொடங்கி, சில மணி நேரத்தில் வெளிச்சுவர் நோக்கிப் பரவுவதைக் காட்டிற்று. குருதி குறைந்து உறங்கும் தசை என்னும் கருத்தை 1980-களில் மருத்துவ உலகில் பரப்பியவர், மும்பையில் பிறந்த ரஹீம்தூலா ஆவார்.

இவ்விரு நிலைகளையும் பிரித்துக் காட்டும் வழி இயற்பியலிலிருந்து வந்தது. 1946-இல் பிளாக்கும் பர்செலும் தனித்தனியே கண்ட அணுக்காந்த ஒத்ததிர்வை, 1973-இல் லாட்டர்பர் படமாக்கிக் காட்டினார். அவரும் மான்ஸ்ஃபீல்டும் 2003-இல் நோபல் பரிசு பெற்றனர். அதுவே இன்றைய எம்.ஆர்.ஐ. கருவியின் அடிப்படை.

காடோலினியம் கலந்த மருந்தை நாளத்தில் செலுத்தினால், நலமுள்ள தசையிலிருந்து அது விரைவில் வெளியேறும். மாண்ட பகுதியிலும் தழும்பிலும் தங்கி நிற்கும். ஏறத்தாழப் பத்து நிமிடங்கள் கழித்து எடுக்கும் படத்தில் அவ்விடம் வெண்மையாக ஒளிரும். 2000-ஆம் ஆண்டு சிக்காகோவில் கிம், ஜட் முதலியோர் நோயாளிகளைக் குருதியோட்ட மீட்புச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஆராய்ந்தனர். இயக்கம் குன்றியும் வெண்மை தோன்றாத பகுதிகளில் நூற்றுக்கு 78 தேறின. சுவரின் முக்காற்பங்குக்கு மேல் வெண்மை பரவிய 58 பகுதிகளில் தேறியது ஒன்றே.

எனினும் இப்படம் இழப்பை அளக்குமேயன்றி ஈடு செய்யாது. இறப்பு பரவும் அச்சில மணி நேரமே சிகிச்சைக்குரிய காலம். ஆகவே, பிற மாநிலங்களில் வாழும் தமிழர், நெஞ்சில் நோவு கண்டால், ஊருக்குச் சென்று பார்த்துக்கொள்வோம் என்று காலம் தாழ்த்தலாகாது. இருக்கும் இடத்திற்கு அருகிலுள்ள மருத்துவமனையை உடனே அடைதல் வேண்டும்.