போலீஸ் முறையீட்டு ஆணையம்

போலீஸ் முறையீட்டு ஆணையம் என்பது, காவல் உத்தியோகஸ்தர்கள் பிரஜைகளிடம் நடந்துகொள்ளும் முறையைப் பற்றி எழும் குற்றச்சாட்டுகளை, அவ்விலாகாவைச் சேராதவர்கள் கேட்டு விசாரிக்கும் பொருட்டு ஏற்படுத்தப்படும் சபையாகும். மேலதிகாரி தமக்குக் கீழ்ப்பட்டவரை விசாரிப்பது இலாகாவின் ஒழுங்கைக் காப்பதற்காக. கோர்ட்டு விசாரிப்பது சட்டத்தை மீறியவரைத் தண்டிப்பதற்காக. இவ்விரண்டிற்கும் அப்பால், அடிபட்டவனோ அவமானப்பட்டவளோ வக்கீலும் சிபாரிசும் இல்லாமல் வந்து தன் குறையைச் சொல்லவும், அதனை ஒருவருக்கும் அஞ்சாமல் கேட்டு உண்மையை ஆராயவும் ஓர் இடம் வேண்டும் என்னும் கருத்து, இந்தியாவில் 2006ஆம் ஆண்டுக்குப் பின்னரே திட்டமான உருவம் பெற்றது. ஆயினும் அதற்கு வேண்டிய நியாயங்கள் அனைத்தும் 1855ஆம் ஆண்டிலேயே சென்னை ராஜதானியில், சர்க்கார் அறிக்கை ஒன்றில், ஐயத்திற்கிடமின்றி எழுதப்பட்டிருந்தன.

அக்காலத்துச் சென்னை ராஜதானியின் ஜில்லாக்களில் போலீஸ் என்று தனி இலாகா இருந்ததில்லை. தாமஸ் மன்றோவின் யோசனைகளையொட்டி 1816இல் இயற்றப்பட்ட ஒழுங்குவிதிகள், கிராமத்தில் மணியக்காரருக்கும், தாலுகாவில் தாசில்தாருக்கும், ஜில்லாவில் கலெக்டருக்கும் காவல் அதிகாரத்தை அளித்தன. வரி வசூலிக்கும் கையே குற்றவாளியைப் பிடிக்கும் கையாகவும் இருந்தபடியால், கிஸ்தி கட்ட முடியாத குடியானவனை வருத்திய சேவகர்களே, திருட்டுப் பட்டம் சுமத்தப்பட்டவனை ஒப்புக்கொள்ளச் செய்வதற்கும் அதே உபாயங்களைக் கையாண்டனர். விரல்களை மரச்சட்டங்களுக்கிடையில் வைத்து நெரிக்கும் கிட்டி, உடலை வளைத்துக் கட்டி அசையவொட்டாமல் நிறுத்தும் அண்ணாந்தாள், உச்சி வெயிலில் கல்லைச் சுமக்கச் செய்தல் முதலியவை நாட்டுப்புறத்தார் நன்கறிந்த கொடுமைகள்.

1854இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டின் பொதுமக்கள் சபையில் இக்கொடுமைகள் விவாதத்திற்கு வந்து, கிழக்கிந்தியக் கம்பெனியார் பதில் சொல்ல வேண்டிய நிலை ஏற்பட்டது. அதன் விளைவாகக் கவர்னர் ஹாரிஸ் பிரபுவின் சர்க்கார் எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்னும் மூவரைக் கொண்ட கமிஷனை நியமித்தது. இவர்களுள் ஜான் புரூஸ் நார்ட்டன் சென்னையில் தொழில் நடத்திய பாரிஸ்டர். கம்பெனியின் நீதி பரிபாலனத்தை அச்சேறிய எழுத்தில் கடுமையாகக் கண்டித்திருந்தவர். வரி வசூலில் நிகழ்ந்த கொடுமைகளை ஆராய்வதே முதலில் இவர்களுக்கு இடப்பட்ட பணியாயினும், போலீஸ் சித்திரவதையும் பின்னர் அதனுடன் சேர்க்கப்பட்டது. முறையீடுகளை வரவேற்று விளம்பரம் செய்யப்பட்ட சில மாதங்களுக்குள், நேரில் வந்தவர்களும் கடிதம் எழுதியவர்களுமாக ஏறக்குறைய 2000 பேருடைய குறைகள் கமிஷன்முன் குவிந்தன. கால்நடையாகவே தூரதேசங்களிலிருந்து வந்தவர்களும் அவர்களில் இருந்தனர். சொல்வதற்கு ஓர் இடம் உண்டென்று தெரிந்த மாத்திரத்தில் இத்தனை பேர் சொல்ல முன்வந்ததே, அதுவரை அவர்கள் மௌனமாயிருந்ததன் காரணத்தை விளக்கப் போதுமானது.

1855 ஏப்ரலில் சமர்ப்பிக்கப்பட்ட அறிக்கை, சித்திரவதை உண்மையே என்று உறுதி செய்தது. ஆனால் இக்கட்டுரைக்கு முக்கியமான பகுதி அதுவன்று. கொடுமைகளைக் காட்டிலும், கொடுமைக்கு ஆளானவர்கள் பரிகாரம் பெறுவதில் உள்ள கஷ்டமே தங்கள் மனத்தை அதிகமாக வருத்தியதென்று கமிஷனர்கள் எழுதி, அதன் காரணங்களையும் ஒவ்வொன்றாக ஆராய்ந்தனர். கலெக்டரின் கச்சேரி தூரத்தில் இருந்தது. அங்கே போய்வரச் செலவும் காலமும் பிடித்தன. உழவு வேலை கெட்டது. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டு ஒருவன் மனுவைக் கொடுத்துவிட்டாலும், அது வழக்கமான குறிப்புடன் தாசில்தாரின் விசாரணைக்கே திருப்பி அனுப்பப்பட்டது. எவன்மேல் பிராது கொடுத்தானோ அவனிடத்திலேயே, அல்லது அவனுடைய எஜமானரிடத்திலேயே, அந்தப் பிராது போய்ச் சேர்ந்தது. அதன்பின் மனுதாரர் ஊரில் எவ்விதம் வாழ்ந்திருப்பார் என்பதை ஊகிக்கப் பெரிய கற்பனை வேண்டியதில்லை. முறையீட்டைக் குற்றஞ்சாட்டப்பட்டவரின் இலாகாவிற்கே அனுப்பும் இவ்வழக்கந்தான், பிற்காலத்தில் உலகின் பல பாகங்களிலும் சுயேச்சையான ஆணையங்கள் தோன்றியதற்கு மூலகாரணம். ஐரோப்பிய உத்தியோகஸ்தர்களைக் குற்றத்தினின்று விடுவித்து, பழி முழுவதையும் சுதேசிச் சேவகர்மேல் இறக்கிவைத்தது அறிக்கையின் பெருங்குறை என்பதில் ஐயமில்லை. வசூல் குறைந்தால் தாசில்தாரைக் கேட்ட அதிகாரிகள், வசூலான விதத்தைக் கேளாதிருந்தது எவ்வாறு என்ற வினா அதில் போதிய அளவு எழுப்பப்படவில்லை. 1857இல் கார்ல் மார்க்ஸ் நியூயார்க்கிலிருந்து வெளிவந்த பத்திரிகை ஒன்றில் இவ்வறிக்கையை எடுத்துக்கொண்டு எழுதிய கட்டுரை, அந்தப் பொறுப்பை ஆட்சியாளர்களிடமே திருப்பியது.

அறிக்கையின் பயனாக இரண்டு மாறுதல்கள் விளைந்தன. 1859ஆம் ஆண்டின் 24ஆவது சட்டத்தால் ரெவினியூ இலாகாவினின்று காவல் பிரிக்கப்பட்டு, இன்ஸ்பெக்டர் ஜெனரலின்கீழ்ச் சென்னைப் போலீஸ் தனிப்படையாக அமைந்தது. இரண்டாண்டுகளுக்குப்பின் இந்தியா முழுவதற்குமான போலீஸ் சட்டம் வந்தது. போலீஸாரிடம் கொடுத்த வாக்குமூலத்தை ஒப்புதலாக எடுத்துக்கொள்ளலாகாது என்னும் விதி 1861இன் குற்ற விசாரணைச் சட்டத்தில் புகுந்து, 1872இன் சாட்சியச் சட்டத்தில் நிலைபெற்றது. பிராது கொடுப்பவனுக்கு மட்டும் புதிய வாசல் திறக்கவில்லை. அவனுடைய மனு முன்பு தாசில்தாரிடம் சென்றது. இப்பொழுது போலீஸ் சூப்பரிண்டெண்டிடம் சென்றது. 1902இல் கூடிய பிரேஸர் கமிஷன், போலீஸார் ஊழலும் கொடுமையும் மிக்கவர்களென்றே ஜனங்களால் கருதப்படுவதாகப் பகிரங்கமாக எழுதிற்று. காவலில் மரணமோ கொடுங்காயமோ நேர்ந்ததாகப் புகார் எழுந்தால் ரெவினியூ அதிகாரி விசாரிக்க வேண்டுமென்னும் வழக்கம் தமிழ்நாட்டில் வேரூன்றி, ‘ஆர்.டி.ஓ. விசாரணை’ என்னும் பெயரில் பத்திரிகை வாசகர் யாவரும் அறிந்ததாயிற்று. போலீஸ் அல்லாத ஒருவர் கேட்கிறார் என்ற அளவில் அது நன்மையே. ஆனால் அவ்வதிகாரி தம் அன்றாட அலுவல்களுக்குப் போலீஸாரின் ஒத்தாசையை நம்பியிருப்பவர் என்பதையும் மறக்கலாகாது.

சுதந்திரத்திற்குப்பின் இப்பிரச்சினையை ஆழ்ந்து ஆராய்ந்தது, 1977இல் தர்ம வீராவின் தலைமையில் அமைந்த தேசியப் போலீஸ் கமிஷன். காவலில் பெண் கற்பழிக்கப்பட்டதாகவோ, மரணமோ கொடுங்காயமோ ஏற்பட்டதாகவோ, துப்பாக்கிப் பிரயோகத்தில் இருவரோ அதற்கு மேற்பட்டவரோ இறந்ததாகவோ வரும் விஷயங்களில், அடிஷனல் செஷன்ஸ் நீதிபதி ஒருவர் கட்டாயமாக விசாரிக்க வேண்டுமென்று அதன் முதல் அறிக்கை கூறிற்று. எட்டு அறிக்கைகளும் 1981க்குள் முடிவுற்றன. அவை பெரும்பாலும் அலமாரியிலேயே தங்கின. 1993இன் மனித உரிமைச் சட்டம் தேசிய ஆணையத்தையும் மாநில ஆணையங்களையும் நிறுவியது. தமிழ்நாட்டு ஆணையம் 1997இல் தோன்றியது.

பிற தேசங்களின் அனுபவத்தை ஈண்டுச் சுருக்கமாகக் குறிக்கலாம். நியூயார்க் நகரில் 1966இல் மேயர் லிண்ட்ஸே போலீஸ் முறையீட்டுச் சபையில் வெளியாரைச் சேர்த்தபோது, போலீஸ் சங்கத்தார் அதை ஜனவாக்கெடுப்புக்குக் கொண்டுசென்று தோற்கடித்தனர். போலீஸார் எவருமில்லாத சபை அங்கே 1993இல்தான் கைகூடிற்று. இங்கிலாந்தில் 1977இல் தொடங்கிய அமைப்பு, சொந்தப் புலனாய்வாளர்கள் இன்மையால் ஜனங்களின் நம்பிக்கையைப் பெறாமல், பலமுறை கலைத்துக் கட்டப்பட்டது. வட அயர்லாந்தில் 2000ஆம் ஆண்டு ஏற்பட்ட அதிகாரி மட்டும் தொடக்கத்திலிருந்தே தமக்கெனப் புலனாய்வாளர்களை வைத்துக்கொண்டார். இச்சபைகளின் உயிர்நிலை அதுவே. தலைவர் எத்துணை நேர்மையுள்ளவராயினும், போலீஸார் எழுதித் தரும் காகிதத்தை மட்டும் படிப்பவராயின் அவரால் ஆவது சொற்பம்.

இந்திய வரலாற்றில் திருப்பம் 2006 செப்டம்பர் 22ஆம் தேதி நிகழ்ந்தது. ஓய்வுபெற்ற போலீஸ் தலைவர் பிரகாஷ் சிங் பத்தாண்டுகளுக்குமுன் தொடுத்த வழக்கில், சுப்ரீம் கோர்ட் ஏழு கட்டளைகளைப் பிறப்பித்தது. அவற்றுள் ஒன்றின்படி மாநிலந்தோறும் ஓய்வுபெற்ற ஹைகோர்ட் அல்லது சுப்ரீம் கோர்ட் நீதிபதியின் தலைமையிலும், ஜில்லாதோறும் ஓய்வுபெற்ற ஜில்லா நீதிபதியின் தலைமையிலும் முறையீட்டு ஆணையங்கள் அமைய வேண்டும். முன்னது சூப்பரிண்டெண்டையும் அவருக்கு மேற்பட்டவரையும் பற்றியும், பின்னது டெபுடி சூப்பரிண்டெண்ட் வரையுள்ளவரைப் பற்றியும் விசாரிக்க வேண்டும். தலைவரைப் பிரதம நீதிபதி தரும் ஜாபிதாவிலிருந்தே தெரிந்தெடுக்க வேண்டும். ஆணையத்தின் சிபாரிசு சர்க்காரைக் கட்டுப்படுத்த வேண்டும். போலீஸ் உத்தியோகத்திலேயே வாழ்நாளைக் கழித்த ஒருவர் இதைக் கேட்டு வழக்காடினார் என்பது, இவ்வேற்பாடு போலீஸாருக்குப் பகையானது என்னும் வாதத்திற்குத் தக்க விடையாகும்.

தமிழ்நாடு 2013இல் போலீஸ் சீர்திருத்தச் சட்டத்தை இயற்றியது. அதன்படி மாநில ஆணையத்தின் தலைவர் உள்துறைச் செயலாளர். டைரக்டர் ஜெனரலும் சட்டம் ஒழுங்குப் பிரிவின் அடிஷனல் டைரக்டர் ஜெனரலும் உறுப்பினர்கள். ஜில்லா ஆணையத்திற்குக் கலெக்டர் தலைவர். போலீஸ் சூப்பரிண்டெண்டும் அடிஷனல் சூப்பரிண்டெண்டும் உறுப்பினர்கள். நீதிபதிக்கும் பொதுஜனப் பிரதிநிதிக்கும் அதில் இடமில்லை. பதவியிலுள்ள அதிகாரிகளே பதவியிலுள்ள அதிகாரிகளைப் பற்றி விசாரிக்கும் இவ்வமைப்பு, சுப்ரீம் கோர்ட்டின் கட்டளைக்கு நேர்விரோதமானதென்று சென்னை ஹைகோர்ட்டில் வழக்குத் தொடரப்பட்டது. கலெக்டர் போலீஸ் அல்லவே என்று சமாதானம் கூறலாம். ஆனால் 1992 ஜூனில் தருமபுரி ஜில்லாவின் வாச்சாத்தியில் மலைவாழ் மக்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமைக்காக 2011இல் தண்டிக்கப்பட்ட 215 பேரில், வனத்துறையினர் 126 பேரும் போலீஸார் 84 பேருமன்றி ரெவினியூ உத்தியோகஸ்தர் ஐவரும் இருந்தனர். சர்க்காரின் ஓர் இலாகா மற்றோர் இலாகாவிற்கு அந்நியமாகிவிடுவதில்லை. இதற்கு மாறாக, கேரளத்தின் 2011ஆம் ஆண்டுச் சட்டம் அதிகாரிகளையும் உறுப்பினராக வைத்துக்கொண்டே, தலைமையை ஓய்வுபெற்ற நீதிபதிகளிடம் ஒப்புவித்தது.

2020 ஜூனில் தூத்துக்குடி ஜில்லாவின் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தை மீறிக் கடையைத் திறந்து வைத்திருந்ததாகப் பிடிக்கப்பட்ட தந்தையும் மகனும் போலீஸாரால் தாக்கப்பட்டு உயிரிழந்தபோது, முறையீட்டு ஆணையம் எங்கே என்று எவரும் தேடவில்லை. அப்படியொன்று உண்டென்பதே பெரும்பாலோர் நினைவில் இல்லை. மதுரைக் கிளை ஹைகோர்ட் தானாகவே விசாரணையை எடுத்துக்கொண்டு, கோவில்பட்டி மாஜிஸ்டிரேட்டை ஸ்டேஷனுக்கு அனுப்பிற்று. அங்கே அவருக்குத் தடை ஏற்பட்டதை அறிந்து, தடயங்கள் அழியாதிருக்கும் பொருட்டு, ஸ்டேஷனை ரெவினியூ அதிகாரிகளின் வசத்தில் வைக்குமாறு உத்தரவிட்டது. 1859இல் தாசில்தாரின் கையிலிருந்து பறிக்கப்பட்ட காவல், 161 ஆண்டுகள் கழித்து, வேறு வழியின்றி, சில நாட்களுக்கு ரெவினியூ இலாகாவின் பொறுப்பிற்கு வந்தது. பயத்திற்கிடையிலும் உண்மையைச் சொன்ன பெண் தலைமைக் காவலர் ஒருவரின் வாக்குமூலம் அவ்வழக்கிற்குப் பெருந்துணையாயிற்று. இலாகாவினுள்ளேயே மனச்சாட்சியுள்ளவர் பேசுவதற்கும் வெளியில் ஒரு பாதுகாப்பான இடம் தேவை என்பதை அது காட்டிற்று.

மாநில மனித உரிமை ஆணையத்தின் சிபாரிசுகள் சர்க்காரைக் கட்டுப்படுத்தும் என்று 2021 பிப்ரவரியில் சென்னை ஹைகோர்ட்டின் முழு பெஞ்ச் தீர்ப்பளித்தது. முறையீட்டு ஆணையம் உத்தியோகஸ்தர் சபையாகவே இருக்கும்வரை, தமிழ்நாட்டில் போலீஸாரால் துன்புற்ற ஏழை, கோர்ட்டுக்குப் போகாமல் இலாகாவிற்கு வெளியில் அணுகக்கூடிய பிரதான ஸ்தாபனம் இந்த மனித உரிமை ஆணையமே. சம்பவம் நடந்து ஓராண்டு கடந்துவிட்டால் அது விசாரிப்பதற்கில்லை என்று 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் 36ஆவது பிரிவு கூறுகிறது.